முகமூடி மீது பழி போடாதீர்கள்

இணையத்தில் ஒரு பெண்ணை இழிவுபடுத்திய இளைஞன் பிடிபட்டால் போதும், விளக்கங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. முகம் தெரியாது என்ற தைரியம். ஆபாசப் படம் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன புத்தி. வயசுக் கோளாறு, ஏதோ தெரியாமல் செய்துவிட்டான், பாவம், அவன் எதிர்காலம் என்னாவது? கடைசியாக, சற்றுக் குரலைத் தாழ்த்தி: அந்தப் பெண்ணுக்குத்தான் அங்கே படம் போட என்ன அவசியம்? தொலைக்காட்சி விவாதங்களிலும் கல்லூரி விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் டீக்கடை பெஞ்சிலும் இவற்றைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறோம். இவை எதுவும் உண்மையல்ல என்பது என் வாதம். அதற்கும் மேலே ஒன்று உண்டு: இந்த விளக்கங்களை நாம் நம்புவதால்தான் குற்றம் இவ்வளவு தாராளமாக நடக்கிறது.

2022 புத்தாண்டு நாளில் ‘புல்லி பாய்’ என்ற செயலி கிட்ஹப் தளத்தில் வெளியானது. நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்கள் அனுமதியின்றி எடுத்து, ஏலப் பொருள்போல அதில் வைத்திருந்தார்கள். அதற்கு ஆறு மாதம் முன்பு, 2021 ஜூலையில், ‘சுல்லி டீல்ஸ்’ என்ற பெயரில் இதே வேலை நடந்திருந்தது. யாரும் யாரையும் உண்மையில் விற்கவில்லை. அவமானப்படுத்துவது மட்டுமே நோக்கம். பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், செயற்பாட்டாளர்கள் எனப் பொதுவெளியில் பேசுகிற பெண்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழகத்திலிருந்து 2016இல் காணாமல்போன மாணவர் நஜீப் அகமதின் தாயார் ஃபாத்திமா நஃபீஸின் படமும் அங்கே இருந்தது. கைதானவர்களில் இருபது, இருபத்தோரு வயதுப் பொறியியல் மாணவர்கள் இருந்தார்கள். உத்தராகண்டைச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருவரும் உண்டு.

அந்தப் பெண் தாய் தந்தை இருவரையும் புற்றுநோய்க்கும் கொரோனாவுக்கும் பறிகொடுத்தவர் என்ற செய்தி வந்ததும், கவிஞர் ஜாவேத் அக்தர் ட்விட்டரில் ஒரு வேண்டுகோள் வைத்தார். பாதிக்கப்பட்ட பெண்களில் சிலர் அந்த இளம்பெண்ணை நேரில் பார்த்து, அன்புள்ள மூத்தவர்களாக அவர் செய்த தவறை எடுத்துச் சொல்லி, மன்னிக்க வேண்டும் என்றார். ஜாவேத் அக்தரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் அவர் சொன்னதை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஏலத்தில் வைக்கப்பட்ட பெண்ணிடமே போய், வைத்தவருக்குப் பாடம் சொல்லிக்கொடு என்று கேட்க ஒரு நல்ல மனிதருக்குத் தோன்றுகிறது என்றால், குற்றத்தின் காரணத்தை நாம் எவ்வளவு தவறாகப் புரிந்துவைத்திருக்கிறோம் என்று பாருங்கள். செய்தவருக்கு ‘தெரியவில்லை’ என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் முகமூடியை எடுத்துக்கொள்வோம். படித்தவர்கள் அதிகம் நம்புவது இதைத்தான். அமெரிக்க உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு ஆதாரமாகத் தொடர்ந்து காட்டப்படுகிறது. பெயர் தெரியாது, முகம் தெரியாது, எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் நேரில் அடங்கியிருப்பவன் இணையத்தில் கட்டவிழ்ந்து போகிறான் என்பது அதன் சாரம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை ஒரு தேசமே சோதித்துப் பார்த்துவிட்டது. தென்கொரியா 2007இல் சட்டம் போட்டு, பெரிய தளங்களில் கருத்து எழுதுகிறவர் தன் உண்மை அடையாளத்தைப் பதிவுசெய்தே தீர வேண்டும் என்றாக்கியது. ஐந்தாண்டுகள் கழித்து, 2012 ஆகஸ்டில், அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்துசெய்தது. பேச்சுரிமையைப் பறித்த அளவுக்கு அது வசவைக் குறைக்கவில்லை என்பது காரணங்களில் ஒன்று.

ஜெர்மனியின் இணைய மனுத் தளம் ஒன்றில் 2010 முதல் 2013 வரை வந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளைச் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி 2016இல் வெளியிட்டார்கள். பெயரை மறைத்தவர்களைவிடச் சொந்தப் பெயரில் எழுதியவர்களே அதிகக் கடுமையோடு எழுதியிருந்தார்கள். தான் ஒரு நியாயத்துக்காகப் பேசுவதாக நம்புகிறவன் பெயரை ஏன் மறைக்கப்போகிறான்? டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போரும் மைக்கேல் பேங் பீட்டர்சனும் அமெரிக்கர்களிடமும் டேனிஷ் மக்களிடமும் அரசியல் விவாதங்கள் குறித்துச் செய்த ஆய்வு இன்னும் நேராக விஷயத்துக்கு வருகிறது. இணையத்தில் வன்மமாகப் பேசுகிறவர்கள் நேரிலும் அப்படியே பேசுகிறவர்கள்தான். இணையம் அவர்களை மாற்றவில்லை. முன்பு நான்கு பேர் கேட்டதை இப்போது நாலாயிரம் பேர் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆய்வுகூட வேண்டாம். தமிழில் அரசியல் பேசுகிற எந்தப் பெண் பத்திரிகையாளரின் பக்கத்தையும் திறந்து கீழே பாருங்கள். அச்சில் ஏற்ற முடியாத சொற்களை எழுதியிருப்பவரின் பக்கத்தில் அவருடைய கல்யாணப் படம் இருக்கும், மகளின் பிறந்தநாள் படம் இருக்கும், குலதெய்வம் இருக்கும், தலைவர் படம் இருக்கும். வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயர்கூட இருக்கும். எந்த முகமூடியும் அங்கே இல்லை. டெல்லியில் 2020 மே மாதம் வெளியே வந்த இன்ஸ்டாகிராம் குழுவில், உடன் படிக்கும் பெண்களின் படங்களைப் போட்டு உடலுறுப்பு உடலுறுப்பாகப் பேசிய பையன்கள் சொந்தக் கணக்குகளிலிருந்துதான் பேசினார்கள். ஸ்கிரீன்ஷாட் வெளியானதும் அவர்களை அடையாளம் காண அதிக நேரம் பிடிக்கவில்லை.

ஃபேக் ஐடிகளும் இருக்கத்தானே செய்கின்றன என்று கேட்பீர்கள். இருக்கின்றன. புல்லி பாய் வழக்கிலும் பொய்ப் பெயர்கள்தான், அதுவும் சீக்கியப் பெயர்களை வைத்துப் பழியை வேறு பக்கம் திருப்பப் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் யாரிடமிருந்து மறைந்தார்கள்? காவல்துறையிடமிருந்து. தங்கள் கூட்டத்திடமிருந்து அல்ல. அந்தக் கூட்டத்துக்குள் அந்தப் பொய்ப் பெயருக்கு ஒரு மதிப்பு இருந்தது, வரலாறு இருந்தது, ரசிகர்கள் இருந்தார்கள். ஆளே இல்லாத இடத்தில் யாரும் ஏலம் நடத்துவதில்லை.

ஆபாசப் படம் என்ற விளக்கத்தில் நான் நெடுநேரம் நிற்கப் போவதில்லை. அந்தத் தொழில் பெண்களை எப்படிக் காட்டுகிறது என்பது தனியாகப் பேச வேண்டிய கொடுமை. ஆனால் மகனைத் தேடி நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கும் ஒரு முதிய தாயை ஏலத்தில் வைப்பதில் எந்த இச்சை இருக்கிறது? 2019 மக்களவைத் தேர்தலின்போது 95 பெண் அரசியல்வாதிகளைக் குறித்து எழுதப்பட்ட ட்வீட்டுகளை ஆம்னெஸ்டி இந்தியா ஆராய்ந்தது. ஏழில் ஒன்று வசையாகவோ ஆட்சேபத்துக்குரியதாகவோ இருந்தது. மதத்தையும் இனத்தையும் சொல்லித் திட்டும் வசை, மற்ற மதப் பெண்களைவிட முஸ்லிம் பெண்களுக்கு 94 சதவீதம் கூடுதலாக வந்தது. சாதியைச் சொல்லித் திட்டுவது, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு மற்றவர்களைவிட 59 சதவீதம் கூடுதல். கட்டுப்பாடு இழந்த உணர்ச்சிக்கு இவ்வளவு துல்லியமான முகவரி தெரியுமா? யாரை எந்தச் சொல்லால் அடித்தால் எங்கே வலிக்கும் என்று கணக்கிட்டு வருகிறது இந்த வசை. டிக்டாக்கில் ஆடிய ஏழைப் பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் விழுந்த வசவில் நிறமும் சாதியும் தொழிலும்தான் முன்னால் நின்றன. காமம் அதில் எங்கோ கடைசியில் இருந்தது.

அடுத்தது வயது. இருபது வயதில் மூளை முதிரவில்லை, பின்விளைவு தெரியாது என்கிறார்கள். தென்கொரியாவுக்கே மறுபடி போவோம். டெலிகிராமில் ‘என்த் ரூம்’ என்று அழைக்கப்பட்ட ரகசிய அறைகள் 2019, 2020இல் அம்பலமாயின. சிறுமிகளையும் இளம்பெண்களையும் மிரட்டிப் படமெடுத்து விற்ற அந்த வலைப்பின்னலின் முக்கியப் புள்ளியான சோ ஜூ-பின்னுக்கு அப்போது இருபதுகளின் நடுவயது. கல்லூரிப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். அவருக்கு 42 ஆண்டுச் சிறை உறுதியானது. இதை வெளியே கொண்டுவந்தவர்கள் யார் தெரியுமா? ‘டீம் ஃபிளேம்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட இரண்டு கல்லூரி மாணவிகள். மாதக்கணக்கில் அந்த அறைகளுக்குள் இருந்து, ஆதாரம் சேர்த்து, காவல்துறையிடம் போனார்கள். கிட்டத்தட்ட அதே வயது, அதே நாடு, அதே போன், அதே செயலி. வயதுதான் காரணம் என்றால் இந்த இரண்டு பெண்களுக்கு மட்டும் மூளை எப்படி முதிர்ந்தது?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு விளக்கத்தின் முன்னாலும் வைத்துப் பாருங்கள். தனிமை காரணம் என்றால், பெண்பிள்ளைகளுக்குத் தனிமை இல்லையா? வேலையின்மை காரணம் என்றால், படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இங்கே குறைவா? போன் கெடுக்கிறது என்றால் அதே போன் தங்கையின் கையிலும்தானே இருக்கிறது. ஒரே வீட்டில் ஒரே வைஃபையில் வளரும் அண்ணன் தங்கை இருவரில் ஒருவர் அடிக்கிறவராகவும் இன்னொருவர் அடிவாங்குகிறவராகவும் ஆவதற்கான காரணத்தை மூளையிலும் போனிலும் தேடிக் கிடைக்காது. அந்த வீட்டில்தான் தேட வேண்டும்.

அறியாமை என்பதும் நிற்காது. சியோல் தேசியப் பல்கலைக்கழகம் என்றால் தென்கொரியாவின் முதல் தரக் கல்வி நிலையம். அங்கே படித்த ஆண்கள், தங்களோடு படித்த பெண்களின் படங்களைக் கொண்டு டீப்ஃபேக் செய்த வழக்கு 2024இல் வெளியானது. படிப்பு போதவில்லை என்று அவர்களைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா?

அப்படியானால் ஏன் செய்கிறார்கள்?

இந்தச் செயலின் பார்வையாளர் யார் என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். பெண்ணிடம் பேசுவதுபோலத் தோன்றும் இந்த வசவு பெரும்பாலும் பெண்ணுக்காகப் பேசப்படுவதில்லை. அது மற்ற ஆண்கள் பார்ப்பதற்காக நடத்தப்படுவது. என்த் ரூமின் சில அறைகளில் நுழையவே நீங்களும் ஒரு படம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதுதான் நுழைவுச் சீட்டு. நம் கல்லூரிப் பையன்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இதன் சிறிய வடிவம் தினமும் நடக்கிறது. ஒருவன் வகுப்புத் தோழியின் ஸ்டேட்டஸ் படத்தை எடுத்துப் போடுகிறான். இன்னொருவன் ஒரு வரி எழுதுகிறான். அதற்குச் சிரிப்பு எமோஜி விழுகிறது. மூன்றாமவன் அதைவிட மோசமாக ஒன்று எழுதியாக வேண்டும், இல்லையென்றால் அவன் இருப்பதே தெரியாது. பிடிக்காதவன் பேசாமல் இருக்கிறான். அவன் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண் அங்கே ஒரு ஆளே அல்ல. இவர்கள் தங்களுக்குள் இடம்பிடிக்கக் கைமாற்றிக்கொள்ளும் சரக்கு.

மைக்கேல் கசுமோவிச்சும் ஜெஃப்ரி குஸ்னெகாஃபும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகப் பிடித்திருக்கிறது. ‘ஹாலோ 3’ என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில், சில ஆட்டங்களில் ஆண் குரலும் சில ஆட்டங்களில் பெண் குரலும் கேட்கும்படி செய்து, உடன் ஆடியவர்கள் என்ன பேசினார்கள் என்று பதிவு செய்தார்கள். மட்டமாக ஆடிய ஆண்கள்தான் பெண் குரலிடம் அதிக வன்மம் காட்டினார்கள். அவர்களே ஆண் குரலிடம் பணிவாக இருந்தார்கள். நன்றாக ஆடியவர்களுக்குப் பெண் ஆடுவதில் பெரிய தொந்தரவு இல்லை. எல்லோருக்கும் அங்கே ஒரே மறைவுதான், ஒரே விளையாட்டுதான். பெண் வந்துவிட்டால் தன் இடம் இன்னும் கீழே போய்விடும் என்று பயந்தவன்தான் கத்தினான்.

பெண் தன் இடத்தை மீறிவிட்டாள் என்ற ஆத்திரம் இவனுக்கு எங்கிருந்து வந்தது? ‘உன் இடம்’ என்று ஒன்று அவளுக்கு உண்டு என்பதை இவனுக்கு யார் சொன்னார்கள்? ட்விட்டரா? சாப்பிட்ட தட்டை எடுக்காமல் எழுந்துபோகலாம், தங்கை எடுப்பாள் என்று அவன் கற்றது ட்விட்டரில் இல்லை. தங்கை சுடிதார் ஷால் போடாமல் வாசலுக்கு வந்தால் அதட்டும் உரிமை எட்டாம் வகுப்பு படிக்கும்போதே அவனுக்கு வந்துவிட்டது. அவள் போனை வாங்கிப் பார்க்க அவனுக்கு அனுமதி உண்டு. அவன் போனை அவள் தொட முடியாது. மறுத்த பெண்ணைத் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைப்பதைக் காதல் என்று திரையில் பல தலைமுறைகள் பார்த்து விசில் அடித்திருக்கின்றன. ஒரு பெண்ணைத் திருத்துவதும் தண்டிப்பதும் தன் வேலை என்று நம்பி வளர்ந்தவன் இணையத்தில் அந்த வேலையைத்தான் செய்கிறான். இளைஞர்களின் நோய் என்று இதைச் சொல்கிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018இல் பெண் பத்திரிகையாளர்களை மிகக் கேவலமாகச் சித்திரித்த ஃபேஸ்புக் பதிவைப் பகிர்ந்ததற்காகச் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் 2024இல் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது எஸ்.வி.சேகருக்கு. பேரன் பேத்தி எடுக்கும் வயதுக்காரர், முன்னாள் சட்டமன்ற உறுப்பினர். பதிவைப் படிக்காமலே பகிர்ந்துவிட்டதாக அவர் சொன்னார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு மார்ஃபிங் படம் பொய் என்று எல்லோருக்கும் தெரியும். தலை ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது. பிறகு எப்படி அது ஒரு பெண்ணைக் கொல்லும் வலிமை பெறுகிறது? சேலம் மாவட்டத்தில் 2016 ஜூனில் 21 வயதுப் பெண் ஒருவர், தன் முகத்தை ஒட்டிய படங்கள் ஃபேஸ்புக்கில் வந்ததால் உயிரை மாய்த்துக்கொண்டார். செய்தவர் அவரை மணக்கக் கேட்டு மறுக்கப்பட்ட, தெரிந்த இளைஞர் என்று காவல்துறை கண்டறிந்தது. புகாரைக் கவனிக்க வேண்டிய காவலர் ஒருவர் செல்போனை லஞ்சமாக வாங்கியதும் வெளியே வந்தது. பெற்றோரே தன்னை நம்பவில்லையே என்ற வேதனையைத்தான் அந்தப் பெண் எழுதிவைத்துப் போனார். அந்த இளைஞன் கையில் இருந்தது ஒரு பொய்ப் படம் மட்டும். அதை ஆயுதமாக்கியது ஊர் என்ன சொல்லும் என்ற பயம். அந்தப் பயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது அவன் அல்ல.

பொள்ளாச்சிக் கும்பல் வருடக்கணக்கில் இயங்கியது இந்தப் பயத்தை நம்பித்தான். ஃபேஸ்புக்கில் பழகி, அழைத்துப்போய், வன்கொடுமை செய்து, படமெடுத்து, அதைக் காட்டி மிரட்டினார்கள். இருபதுகளில் இருந்த இளைஞர்கள் பெரும்பாலும். எத்தனை பெண்களிடம் இதைச் செய்தாலும் வெளியே சொல்லமாட்டார்கள் என்று அவ்வளவு உறுதியாக எப்படி இருந்தார்கள்? நம் வீடுகளை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். சொன்னால் முதலில் அடி விழுவது மகளுக்கு, படிப்பு நிற்பது மகளுக்கு, அவசரக் கல்யாணம் மகளுக்கு என்பது அவர்களுக்குத் தெரியும். 2019 பிப்ரவரியில் ஒரு பத்தொன்பது வயது மாணவி புகார் கொடுத்தார். அவருக்கு நாம் என்ன செய்தோம்? அவர் அண்ணனைக் கும்பல் அடித்தது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பத்திரிகையாளர்களிடம் அந்த மாணவியின் பெயரைச் சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு பெண் கதறும் வீடியோத் துணுக்கு தமிழ்நாடு முழுக்க போன் போனாகப் பறந்தது. அதை அனுப்பியவர்கள் கும்பல் ஆட்கள் அல்ல. குடும்பஸ்தர்கள், அக்கா தங்கை உள்ளவர்கள், நெஞ்சு பதறுகிறது என்று மேலே ஒரு வரி எழுதி ஃபார்வேர்டு செய்தவர்கள். அந்தப் பெண்ணின் வேதனையை அவர் சம்மதமில்லாமல் காட்சிக்கு வைத்த இடத்தில், அவர்களும் அந்தக் கும்பலின் வேலையைத்தான் தொடர்ந்தார்கள். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். யாரும் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. வெட்கம் தங்களுடையது அல்ல என்று அந்தப் பெண்கள் முடிவுசெய்த கணத்தில் அந்தக் கும்பலின் ஆயுதம் செத்தது. அதுவரை எந்தப் பாஸ்வேர்டும் எந்தப் பிரைவசி செட்டிங்கும் அதைச் செய்யவில்லை.

இதனால்தான் கல்லூரிகளில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மாணவிகளை மட்டும் அரங்கில் உட்காரவைத்து, புரொஃபைலை லாக் செய்யுங்கள், டிபியில் பூப்படம் வையுங்கள், தெரியாதவரிடம் பேசாதீர்கள், பெற்றோர் மனம் நோகும்படி நடக்காதீர்கள் என்கிறார்கள். மாணவர்கள் அந்த நேரத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சொல்பவரின் அக்கறை உண்மையானது. ஆனால் அந்த அரங்கிலிருந்து எழுந்துபோகும் மாணவிக்குக் கிடைத்த செய்தி என்ன? நாளை ஏதாவது நடந்தால் அது உன் கவனக்குறைவு. இந்தச் செய்தி மைதானத்தில் நிற்கும் மாணவனுக்கும் போய்ச்சேர்கிறது. அவனை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை என்று அவனும் புரிந்துகொள்கிறான். பிளான் இன்டர்நேஷனல் 2020இல் 22 நாடுகளில் 14,000க்கும் மேற்பட்ட இளம்பெண்களிடம் கேட்டபோது 58 சதவீதம் பேர் இணையத்தில் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஒரே மாதிரிக் கவனக்குறைவு என்று நம்ப நான் தயாராக இல்லை.

அரசும் இதே பாடத்தைத்தான் இளைஞர்களுக்கு நடத்துகிறது. சுல்லி டீல்ஸ் குறித்து 2021 ஜூலையிலேயே டெல்லியில் வழக்குப் பதிவானது. விமானி ஹனா மொஹ்சின் கான் தன் பெயரை வெளியே சொல்லிப் புகார் கொடுத்தார். ஆறு மாதம் ஒரு கைதும் இல்லை. அந்த ஆறு மாதமும் அந்தக் கூட்டம் கற்றுக்கொண்டது, எதுவும் ஆகாது என்பதை. புல்லி பாய் அந்தப் பாடத்தின் பலன். அதற்குப் பிறகுதான், 2022 ஜனவரியில், முதல் செயலியைச் செய்தவரும் கைதானார். இந்த வழக்குகளில் இளம் வயதும் முதல் குற்றம் என்பதும் பிணை கொடுக்கும்போது பேசப்பட்டன. பிணை அவர்கள் உரிமை. நான் அதை மறுக்கவில்லை. ஏலத்தில் வைக்கப்பட்ட பெண்களிலும் இளம் வயதினர் இருந்தார்களே, அவர்கள் எதிர்காலம் பற்றி எந்த விவாதத்தில் யார் கவலைப்பட்டார்கள் என்று மட்டும் கேட்கிறேன். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் மனு வந்தது. முன்பு பழகியவர் ரகசியமாக எடுத்த அந்தரங்க வீடியோ பல தளங்களில் பரவியிருந்தது. 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அந்தப் பெண் பட்ட பாட்டைப் பேசும்போது நீதிபதி நீதிமன்றத்திலேயே கலங்கினார். சட்டம் தெரிந்த, நீதிமன்றத்திலேயே வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கே இந்த நிலை என்றால் பரமக்குடியிலோ பென்னாகரத்திலோ கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வரும் பெண் எங்கே போவார்?

என் வாதத்துக்கு எதிராக வைக்கப்படும் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. புல்லி பாய் வழக்கில் அந்தப் பதினெட்டு வயதுப் பெண் இருந்தாரே, அப்படியானால் இது எப்படி ஆண்களின் அதிகாரம்? பெண்களும்தான் பெண்களைத் திட்டுகிறார்கள். ஆம், திட்டுகிறார்கள். நடத்தையைப் பற்றிய வதந்தியை முதலில் பரப்புவது பல நேரங்களில் பக்கத்து வீட்டு அக்காதான். ஆனால் அந்தப் பெண்ணும் தாக்கியது யாரை? தன் மதத்துக்கு வெளியே, பொதுவெளியில் துணிந்து நின்ற பெண்களை. எந்தக் கருவியால்? பெண்ணுடலை ஏலத்தில் வைப்பது என்ற, ஆண்கள் செய்துவைத்த கருவியால். எதற்காக? அந்தக் கூட்டத்தில் ஒருவராக ஏற்கப்படுவதற்காக. மாமியார் கொடுமை இருக்கிறது என்பதால் வரதட்சணையை யாரும் பெண்களின் ஏற்பாடு என்று சொல்வதில்லை. அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணின் துயரம் உண்மை. ஆனால் தாய் தந்தையைக் கொரோனாவுக்குக் கொடுத்த பிள்ளைகள் இந்த நாட்டில் ஏராளம், அவர்கள் யாரையும் ஏலம் விடவில்லை.

மகள் உள்ளவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்கிறேன். எதுவும் நடப்பதற்கு முன்பே, சாதாரணமான ஒரு நாளில், அவளிடம் சொல்லிவையுங்கள்: ‘நாளைக்கு எவன் எந்தப் படத்தைக் காட்டி மிரட்டினாலும், அது பொய்யா இருந்தாலும் நெசமா இருந்தாலும், நேரா எங்கிட்ட வா. உன்னைத் திட்டமாட்டேன். படிப்பை நிறுத்தமாட்டேன். போனைப் புடுங்கமாட்டேன்.’ சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். காவல் நிலையத்துக்குப் போகும்போது அவளோடு சேர்ந்து போங்கள். பெண்களுக்கான 181, இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற இரண்டு உதவி எண்களையும் வீட்டில் எல்லோருடைய போனிலும் பதிந்து வையுங்கள்.

மகன் உள்ளவர்கள் அவன் போனில் என்ன பார்க்கிறான் என்று கவலைப்படுவதோடு, வீட்டில் தங்கையிடம் எப்படிப் பேசுகிறான் என்று பாருங்கள். அங்கேயே நிறுத்துங்கள்.

படிக்கிற தம்பிகளிடம் ஒன்று. நீங்கள் அப்படிப்பட்ட எதையும் எழுதாதவராக இருக்கலாம். உங்கள் குரூப்பில் எழுதுகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை ஒரு பெண்ணின் படம் அங்கே வந்து விழும்போது எமோஜி போடாமல் ஒதுங்குவது போதாது. ‘டேய், இதை டெலிட் பண்ணு’ என்று எல்லோரும் பார்க்க எழுதுங்கள். அவன் நீக்கவில்லை என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் பெண்ணிடம் சொல்லி, அவர் புகார் கொடுக்க முன்வந்தால் சாட்சியாக நில்லுங்கள்.